சொகுசு ஸ்போர்ட்ஸ் கூபே: மைலேஜ் எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஏழு வருடமாக இரண்டு கதவு ஜெர்மன் கூபே ஒன்றை ஓட்டி வருகிறேன். ஆறு சிலிண்டர், டர்போ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கிய அன்றிலிருந்து பங்கில் போட்ட ஒவ்வொரு லிட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நெருங்கிய நண்பர் ஒருவர் பிஎம்டபிள்யூ எம்2 எடுத்தபோது அவரையும் எழுத வைத்தேன். அதற்குப் பிறகு இந்த மாதிரி வண்டி எடுக்க நினைக்கிறவர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதிலை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கணக்கு எல்லாம் எம்2வை வைத்துத்தான். 2,993 சிசி, இரட்டை டர்போ, பின்சக்கர இழுவை. 2023 மே மாதம் இந்தியாவுக்கு வந்தபோது எக்ஸ்-ஷோரூம் 98 லட்சம். 2024 நவம்பரில் 480 குதிரைத்திறனோடு வந்த புதுப்பிப்பு 1.03 கோடி. வரி மாற்றங்களால் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், கணக்குக்குச் சுலபமாக ஒரு கோடி என்று வைத்துக்கொள்கிறேன்.

உண்மையில் என்ன மைலேஜ் கிடைக்கும்?

லிட்டருக்கு ஊருக்குள் 6 முதல் 7 கி.மீ. ஹைவேயில் நிதானமாகப் போனால் 9 முதல் 10. இரண்டும் கலந்தால் 8 வந்தாலே நல்ல மைலேஜ்.

இது நண்பரின் நோட்டில் இருக்கும் கணக்கு மட்டுமல்ல. ஐரோப்பாவின் அதிகாரப்பூர்வ மைலேஜ் சோதனையான டபிள்யூஎல்டிபியில் எம்2வுக்கு 100 கிலோமீட்டருக்கு 9.6 முதல் 10.2 லிட்டர் என்று வந்திருக்கிறது. நம் கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 கி.மீ. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எண்கள் இன்னும் கறார்: நகரில் காலனுக்கு 16 மைல், மொத்தமாக 19 மைல். லிட்டருக்கு மாற்றினால் 6.8, 8.1. நம் ஊர் ஓட்டத்துக்கு அமெரிக்க எண்தான் பொருந்துகிறது. வண்டி வாங்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள், ஷோரூம் தாளில் இருப்பதைப் பார்க்க வேண்டாம்.

மீட்டரில் 9 காட்டுகிறது, பெட்ரோல் போட்டால் அந்தக் கணக்கு வரவில்லையே?

மீட்டர் காட்டுவது, இன்ஜெக்டர் எவ்வளவு தெளித்தது என்று கம்ப்யூட்டர் போடும் மதிப்பீடு. கொஞ்சம் தாராளமாகவே காட்டும். சரியான கணக்கு வேண்டுமென்றால் பழைய வழிதான்: ஒரு பங்கில் ஆட்டோ கட் ஆகும் வரை ஃபுல் டேங்க் போடுங்கள், டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள், அடுத்த முறையும் முடிந்தால் அதே பங்கில், அதே பம்பில் ஆட்டோ கட் வரை போடுங்கள். கட் ஆன பிறகு ‘ரவுண்டா போட்டுடலாம் சார்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த அரை லிட்டரில் கணக்கு கெட்டுவிடும்.

என் நோட்டிலிருந்து இரண்டு வரி. அவிநாசி சாலையிலும் காந்திபுரத்திலும் இரண்டு வாரம் அலைந்தது: 301 கி.மீ., 43.6 லிட்டர். அதாவது 6.9. அடுத்தது கோவையிலிருந்து சென்னை, விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி 90, 100க்கு மேல் போகாமல்: 505 கி.மீ., 47.2 லிட்டர். அதாவது 10.7. அன்றைக்கு மீட்டர் காட்டியது 11.4. வண்டியும் டிரைவரும் அதேதான், மாறியது சாலை மட்டும்.

ஊருக்குள் இவ்வளவு குறைய என்ன காரணம்? வண்டியில் ஏதாவது கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும்போதும் மூன்று லிட்டர் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். நிற்கிற நேரத்துக்கு மைலேஜ் பூஜ்யம். எம்2 சிறிய வண்டி போலத் தெரிந்தாலும் 1,700 கிலோ. அதை ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தி, மறுபடி கிளப்பி, அடுத்த சிக்னலில் பிரேக்கில் அந்த வேகத்தை எல்லாம் சூடாக்கி வீணாக்குகிறோம். பெட்ரோல் போவது அங்கேதான். அப்புறம், கூபே ஓட்டுகிறவர் காலியான 200 மீட்டர் கண்ணில் பட்டால் சும்மா இருப்பதில்லை. டர்போ முழு அழுத்தத்தில் ஓடும்போது இன்ஜினைக் குளிர்ச்சியாக வைத்திருக்கவும் கூடுதல் எரிபொருள் போகும்.

ஒரு நல்ல எடுத்துக்காட்டு சொல்கிறேன். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலத்தை, ஜி.டி.நாயுடு பெயரில், 2025 அக்டோபரில் திறந்தார்கள். அதற்குப் பிறகு என் நோட்டில் ஊர் மைலேஜ் 6.9லிருந்து 7.6க்குப் போனது. வண்டியில் நான் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. சிக்னல் குறைந்தது, அவ்வளவுதான்.

எந்த பெட்ரோல் போடணும்? 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 போட்டால் இன்ஜின் போய்விடுமா?

முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து, அந்த மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். குறைந்தபட்ச ஆக்டேன் (அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் பெட்ரோல் தாங்கும் அளவு) எவ்வளவு, எத்தனால் எவ்வளவு வரை தாங்கும் என்று அதிலேயே இருக்கும். அந்த எண்ணுக்குக் கீழே போடாதீர்கள். ஆக்டேன் குறைவான பெட்ரோல் போட்டால் அந்த வெடிப்பைக் கவனிக்கும் நாக் சென்சார் அதைக் கண்டுபிடிக்கும், இன்ஜின் தீப்பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். இன்ஜின் உடனே கெட்டுவிடாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சக்தியில் ஒரு பகுதி கிடைக்காது, மைலேஜும் குறையும்.

இ20 பற்றி ஊரில் பயம் நிறைய. கணக்கு இதுதான்: ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 20 சதவீதம் கலந்தால் ஆற்றலில் ஏறக்குறைய 7 சதவீதம் குறைகிறது. 8 கொடுத்த வண்டி 7.5 கொடுக்கும். இது தவிர்க்க முடியாதது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு இங்கே விற்ற வண்டிகளின் ரப்பர் குழாய், சீல் எல்லாம் இ20க்குத் தாங்கும்படி வந்தவை. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள், என்னையும் சேர்த்து, எரிபொருள் குழாய்களைச் சர்வீஸில் கண்ணால் பார்க்கச் சொல்வது நல்லது.

இதைவிட எனக்குக் கவலை தருவது நிறுத்தி வைக்கும் வண்டிகள்தான். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டு மாதம் அசையாமல் கிடக்கும் வண்டியில் அரை டேங்க் இ20 இருப்பது நல்லதல்ல. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறையும். எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் இந்தியன் ஆயிலில் 2020 டிசம்பரிலிருந்து கிடைக்கிறது. அப்போதே லிட்டர் 160 ரூபாய். தினமும் போட அவசியமில்லை, நிறுத்தி வைக்கும் முன் ஒரு டேங்க் போட அது உதவும்.

அப்போ வருடத்துக்குப் பெட்ரோல் எவ்வளவு ஆகும்?

இந்த மாதிரி வண்டி வருடத்துக்கு 8,000 கி.மீ. ஓடினால் அதுவே அதிகம். லிட்டருக்கு 7 என்றும், 95 ஆக்டேன் பெட்ரோல் 110 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் ஒன்றேகால் லட்சம். ஒரு கி.மீ.க்கு 16 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

நிதானமாக ஓட்டி மைலேஜை 9 ஆக்கினால் வருடத்துக்கு 28,000 ரூபாய் மிச்சம். நல்லதுதான். ஆனால் அடுத்த பதிலைப் படித்துவிட்டு அந்த 28,000 எவ்வளவு சின்னத் தொகை என்று பாருங்கள்.

பெட்ரோல் இவ்வளவுதான் என்றால் பணம் எங்கே போகிறது?

நின்றுகொண்டிருக்கும் வண்டியில் போகிறது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். ஒரு கோடி வண்டிக்கு 20 லட்சம், ஆர்.சி. கையில் வரும் முன்பே. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எந்த வண்டிக்கும் 1 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். அது ஒரு லட்சம், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மறக்காமல் ஆடிட்டரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் தேய்மானம். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைப் போட ஒரு அட்டவணை வைத்திருக்கின்றன: முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்று வருடத்துக்குள் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50. சந்தை விலை இதோடு அச்சாக ஒத்துப்போகாது, ஆனால் திட்டம் போட நம்பகமான அளவுகோல். மூன்று வருடம் முடிந்ததும் 40 லட்சம் போய்விட்டது என்றால் மாதத்துக்கு 1.11 லட்சம். அந்த மூன்று வருடத்தில் 24,000 கி.மீ. ஓட்டியிருந்தால் ஒவ்வொரு கி.மீ.க்கும் 167 ரூபாய். பெட்ரோல் 16 ரூபாய். மைலேஜைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்களிடம் நான் காட்டுவது இந்த இரண்டு எண்ணைத்தான்.

டயர் எத்தனை கிலோமீட்டர் வரும்? விலை?

இந்தக் கேள்வியை யாரும் வாங்குவதற்கு முன் கேட்பதில்லை, வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்2வில் முன்னால் 275/35 அளவில் 19 அங்குலம், பின்னால் 285/30 அளவில் 20 அங்குலம். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு என்பதால் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்துகிற வழக்கமான வேலை இங்கே நடக்காது. பின்சக்கரம் இழுக்கிற வண்டி, பின் டயர்தான் முதலில் போகும். மென்மையான ரப்பர் கலவை என்பதால் நம் வெயிலில், நம் சாலையில் 15,000 முதல் 20,000 கி.மீ. வந்தால் திருப்திப்படுங்கள். ஒரு செட் 2 லட்சம், 20,000 கி.மீ. என்று கணக்குப் போட்டால் கி.மீ.க்குப் பத்து ரூபாய். பெட்ரோல் செலவில் மூன்றில் இரண்டு பங்கு.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். பின் டயர் இரண்டையும் வெளியே நின்று பார்த்தால் பள்ளம் நன்றாகவே இருந்தது, இன்னும் ஐயாயிரம் கி.மீ. தாராளமாக வரும் என்று நினைத்தேன். ஆயில் மாற்ற வண்டியை லிப்ட்டில் ஏற்றியபோது கீழே நின்ற பையன் என் கையைப் பிடித்து டயரின் உள்பக்க ஓரத்தில் வைத்தான். விரலில் ரப்பர் படவில்லை, நரநரவென்று கம்பி நுனி குத்தியது. வளைவில் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக இந்த வண்டிகளின் சக்கரத்தை மேல்பக்கம் லேசாக உள்ளே சாய்த்து வைத்திருப்பார்கள். கேம்பர் என்பது அதுதான். நேர்ச்சாலையிலேயே அதிகம் ஓடினால் உள்ஓரம் மட்டும் தேயும். முந்தின வாரம்தான் அதே டயரோடு, மனைவியையும் மகளையும் உட்கார வைத்து சேலம் போய் வந்திருந்தேன். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை உள்ஓரத்தைக் கையால் தடவிப் பார்க்காமல் இருப்பதில்லை. நீங்களும் பாருங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது, ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் முன்பக்கத்துக்குக் கை எட்டும், பின்பக்கத்துக்கு மொபைல் டார்ச் வேண்டும்.

ஸ்டெப்னி கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காற்றடிக்கும் மெஷினும் ஓட்டையை அடைக்கும் திரவமும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது, டோயிங் வண்டிதான். பிஎம்டபிள்யூவுக்கென்று செய்த டயரின் பக்கச்சுவரில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்த அளவு எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது. அதனால் தேய்ந்த பிறகு தேடாமல், பாதி தேயும்போதே கடையில் சொல்லி வையுங்கள். விலை குறைவு என்று தெரியாத பிராண்டு போட்டுவிடாதீர்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மழையில் 480 குதிரைத்திறனைத் தரையில் பிடித்து வைப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான்.

சர்வீஸ், பிரேக்?

பிஎம்டபிள்யூவின் ‘எம்’ வரிசை வண்டிகளுக்கு முதல் 2,000 கி.மீ.யில் ஒரு ரன்னிங்-இன் சர்வீஸ் உண்டு. இன்ஜின் ஆயிலும் டிஃபரன்ஷியல் ஆயிலும் மாற்றுவார்கள். அதைத் தவறவிடவே கூடாது, அதுவரை முழு ஆக்சிலரேட்டரும் கூடாது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய பில்லும் அதுதான். அதற்கப்புறம் எப்போது என்ன சர்வீஸ் என்று வண்டியே சொல்லும். இருந்தாலும் குறைவாக ஓடுகிற வண்டிக்கு வருடம் ஒருமுறை ஆயில் மாற்றுவது என் பழக்கம். ஏழு லிட்டர் ஆயில் பிடிக்கும் இன்ஜின், அதனால் சாதாரண காரின் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

பிரேக் பெரிது, முன் டிஸ்க் மட்டும் 380 மி.மீ. பேடும் டிஸ்க்கும் சேர்ந்து மாற்ற வேண்டி வரும் வருடம் பில் கனமாக இருக்கும். டிஸ்க்கின் ஓரத்திலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். ‘மாத்தணும் சார்’ என்று சொன்னால், அளந்து காட்டச் சொல்லுங்கள். வெளி வொர்க்‌ஷாப்பில் ஒருமுறை என்னிடம் டிஸ்க் போய்விட்டது என்றார்கள். தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தால் இன்னும் ஒரு மி.மீ.க்கு மேல் இருந்தது, அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடியது.

பேட்டரி மாற்றினால் அதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்துகொண்டிருக்கும், புதியது சீக்கிரம் போகும்.

காப்பீட்டில் எதெல்லாம் கட்டாயம் எடுக்கணும்?

மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், 1,500 சிசிக்கு மேல் 2022 அறிவிப்பின்படி வருடத்துக்கு 7,897 ரூபாய். அது சின்னத் தொகை. முழுக் காப்பீடுதான் பெரிது. ஒரு கோடி வண்டிக்கு ஆட்-ஆன் என்கிற கூடுதல் பாதுகாப்புகளோடு இரண்டரை லட்சம் என்று திட்டத்தில் போட்டு வைத்துக்கொண்டு, நான்கைந்து இடத்தில் கேளுங்கள்.

பம்பர் டு பம்பர் என்று நாம் சொல்லும் ஜீரோ டிப்ரிஸியேஷனை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதி உங்கள் தலையில். இந்த வண்டிகளின் முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக்தான், அதுவும் நம் ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு மிக அருகில்.

இன்னொன்று இன்ஜின் புரொடெக்ட். சாதாரண பாலிசியில், தேங்கிய தண்ணீரில் வண்டியை ஓட்டி இன்ஜினுக்குள் நீர் புகுந்தால் பணம் கிடைப்பது கஷ்டம். தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ நல்ல வண்டிகள் இப்படித்தான் போயின. அதில் பல, நீர் வடிந்த பிறகு ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று பட்டனை அழுத்தியதால் போனவை. தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். அது உங்களுடையது, வண்டியுடையதல்ல. பழைய காரை விற்றுவிட்டு கூபே எடுத்தால் கூடவே கொண்டுவரலாம். பம்பரில் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டு அதை இழக்க வேண்டாம்.

புதுச்சேரியில் பதிவு செய்தால் வரி மிச்சம் என்கிறார்களே?

அங்கே நிஜமாகவே குடியிருந்தால் செய்யுங்கள். முகவரியை மட்டும் காட்டிப் பதிந்துவிட்டு இங்கே ஓட்டினால் அது வரி ஏய்ப்பு. வழக்கு, அபராதம் எல்லாம் வந்திருக்கிறது. கட்டக்கூடியவர்கள் கட்ட வேண்டிய வரி இது.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? எதில் மைலேஜ்?

ஐரோப்பியச் சோதனையில் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் கொஞ்சம் முன்னால். அமெரிக்கச் சோதனையில் ஹைவேயில் ஆறு கியர் மேனுவல் காலனுக்கு ஒரு மைல் முன்னால். இந்த வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இடது கால் கேட்பதை எடுங்கள்.

ஹைபிரிட் கூபே எடுத்தால் மிச்சமாகுமே?

லெக்சஸ் எல்சி இதற்கு நல்ல உதாரணம். ஒரே உடல், இரண்டு இன்ஜின் தேர்வுகள். அமெரிக்கச் சோதனையில் 2018 மாடலின் ஐந்து லிட்டர் வி8 லிட்டருக்கு 8 கி.மீ., மூன்றரை லிட்டர் ஹைபிரிட் 12.7. இந்தியாவுக்கு 2020 ஜனவரியில் வந்தது ஹைபிரிட்தான், 1.96 கோடிக்கு.

8,000 கி.மீ.க்கு 370 லிட்டர் மிச்சம், 40,000 ரூபாய். ஒன்றே முக்கால் கோடிக்கு மேல் கொடுத்தவருக்கு இது வாங்குவதற்கான காரணம் அல்ல. ஆனால் காலையில் தெருவில் யாரையும் எழுப்பாமல் சத்தமே இல்லாமல் வெளியே வரும். போக்குவரத்து நெரிசலில் இன்ஜின் அணைந்து கிடக்கும். அதற்காக வாங்குகிறவர் சரியான காரணத்துக்காக வாங்குகிறார்.

இதே பணத்துக்குச் சென்னையில் செய்கிற வண்டி எடுத்தால்?

இவ்வளவு பணம் ஆகாது, கணிசமாகக் குறையும். எம்2 மெக்சிகோவின் சான் லூயிஸ் பொட்டோசியில் செய்து முழு வண்டியாக இறக்குமதியாகிறது, சுங்க வரி முழுசாக விழுகிறது. 2007லிருந்து இயங்கும் பிஎம்டபிள்யூவின் சென்னை ஆலையில் பூட்டப்பட்ட எம்340ஐ, 2021 மார்ச்சில் 62.9 லட்சத்துக்கு வந்தது. அதிலும் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். நான்கு கதவு, நான்கு சக்கர இழுவை. குடும்பத்துக்கு ஒரே கார்தான் என்றால் யோசிக்காமல் அதை எடுங்கள். எம்2வின் பின்சீட்டில் என் அம்மாவை ஒருமுறை உட்கார வைத்தேன். இறங்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி ரீமேப் செய்தால் சக்தியும் மைலேஜும் கூடும் என்கிறார்கள்?

சக்தி கூடும். அந்தச் சக்தியைப் பயன்படுத்தினால் மைலேஜ் குறையும். வாரண்டி போகும், காப்பீட்டில் சொல்லாவிட்டால் கிளெய்மும் சிக்கலாகும். வாரண்டி உள்ள வண்டியைத் தொடாதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பது புத்திசாலித்தனமா?

என்னைக் கேட்டால் ஆமாம், மூன்று வயது வண்டி. அந்த 40 லட்சத்தை முதல் சொந்தக்காரர் கொடுத்துவிட்டார், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் ஆயுட்கால வரியையும் அவரே கட்டிவிட்டார். வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபடி வரி கட்ட வேண்டும், அதைக் கழித்தே விலை பேசுங்கள்.

பார்க்கப் போகும்போது டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24வது வாரம் செய்தது. 9,000 கி.மீ. ஓடிய வண்டி என்கிறார்கள், டயர் மட்டும் புதுசு என்றால் ஏன் என்று கேளுங்கள். பழைய டயரை முரட்டு ஓட்டத்தில் தேய்த்துத் தீர்த்திருப்பார்கள், அல்லது மீட்டர் பொய் சொல்கிறது. காலையில் போய், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக, மாதம் எவ்வளவு ஒதுக்கணும்?

8,000 கி.மீ. கணக்கில் வருடத்துக்கு: பெட்ரோல் 1.25 லட்சம், டயருக்கு 80,000, காப்பீடு இரண்டரை லட்சம், சர்வீஸுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம். ஆறு லட்சம் சொச்சம், மாதம் 50,000. கையிலிருந்து போகிற பணம் இது. இதனோடு தேய்மானம் 13.3 லட்சம், பத்து வருடத்துக்குப் பிரித்தால் ஆயுட்கால வரி 2 லட்சம். மொத்தம் 21.4 லட்சம். கி.மீ.க்கு 267 ரூபாய். இதில் பெட்ரோல், நூற்றுக்கு ஆறு ரூபாய்.

15,000 கி.மீ. ஓட்டினால்? பெட்ரோலும் டயரும் ஏறும், மற்றதெல்லாம் பெரிதாக அசையாது. மொத்தம் 23.2 லட்சம், கி.மீ.க்கு 155 ரூபாய். நண்பருக்கு இந்தக் கணக்கைக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் கவரை எடுப்பார். இப்போது வால்பாறைக்கும் மூணாறுக்கும் வாரக்கடைசியில் கிளம்பிவிடுகிறார். போன வாரம் அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் போட்டோவில் ஆழியாறு ஏற்றத்துக்கு 5.8 என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டிருந்தார்.